அடையாற்றில் எழுநூறு பேர்

1746இல் அடையாற்றங்கரையில் நடந்த சண்டையை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். ஆர்க்காட்டு நவாபின் மகன் மாபூஸ் கான் பத்தாயிரம் பேரோடு சாந்தோம் பக்கம் நிற்கிறான். புதுச்சேரியிலிருந்து பாரடிஸ் என்ற கேப்டன் ஆயிரம் பேர்கூட இல்லாத ஒரு படையோடு வருகிறான். பீரங்கி கிடையாது. ஆற்றில் இறங்குகிறான், கரையேறுகிறான், ஒரு முறை சுடுகிறான், துப்பாக்கிக் கத்தியை நீட்டிக்கொண்டு ஓடுகிறான். பத்தாயிரம் பேரும் ஓடிவிடுகிறார்கள். பயிற்சி ஜெயித்தது, கூட்டம் தோற்றது.

நான் இதை முதலில் கேட்டது வரலாற்று வகுப்பில் இல்லை. ஓ.எம்.ஆரில் ஓர் அலுவலகத்தின் டவுன்ஹால் கூட்டத்தில். மேடையில் இருந்தவர் சரித்திரப் பிரியர். 'ஹெட்கவுன்ட் முக்கியமே இல்லை, டிசிப்ளின்தான் முக்கியம்' என்று சொல்லிவிட்டு, திரையில் அடையாற்றுச் சண்டையை ஓட்டினார். நன்றாகத்தான் சொன்னார், கைதட்டினோம். அடுத்த ஸ்லைடில் அந்த வருடத்தின் பெரிய ரிலீஸை முடித்த 'சின்ன டீம்' பெயர்ப் பட்டியல், பன்னிரண்டு பேர். நான் அப்போது கான்ட்ராக்டில் இருந்தேன், கழுத்தில் மஞ்சள் கயிறு. நிரந்தர ஊழியர்களுக்கு நீலக் கயிறு. பட்டியலில் இருந்த பன்னிரண்டும் நீலம். அந்த வேலையில் மஞ்சள் கயிறு மட்டும் முப்பது பேருக்கு மேல் இருந்தோம்.

பெரிய துக்கம் ஒன்றும் இல்லை. கேன்டீனில் சிரித்தோம், அவ்வளவுதான். ஆனால் பாரடிஸின் படையில் நீலம் எத்தனை, மஞ்சள் எத்தனை என்ற கேள்வி மட்டும் மண்டையில் உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். ஐரோப்பியர்கள் இருநூற்று முப்பது என்கிறார் ஒருவர், முந்நூறு என்கிறார் இன்னொருவர். சிப்பாய்கள் எழுநூறு. அந்தப் 'பிரெஞ்சுப் படை'யில் முக்கால்வாசி பிரெஞ்சு இல்லை. பாரடிஸே பிரெஞ்சுக்காரர் இல்லை, சுவிட்சர்லாந்துக்காரர். தொழிலால் எஞ்சினியர் என்பது கூடுதல் தகவல், நம் சாதிக்காரர்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தச் சண்டையைச் சொன்னவர்களைப் படிக்க ஆரம்பித்தேன். முக்கியமாக மூன்று பேர்: ராபர்ட் ஓர்ம், ஜி.பி. மாலிசன், நம்முடைய ஆனந்தரங்கப் பிள்ளை. இந்தக் கட்டுரை சண்டையைவிட அதைச் சொன்ன விதத்தைப் பற்றியது.

முதலில் ஒரு சின்னச் சிக்கலைத் தீர்த்துவிடலாம். சண்டை நடந்த நாளை ஆங்கிலப் புத்தகங்கள் சில அக்டோபர் 24 என்கின்றன, சில நவம்பர் 4 என்கின்றன. இரண்டும் சரி. இங்கிலாந்து அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது, பிரான்ஸ் புதியதில். பதினொரு நாள் வித்தியாசம். டைம்ஸோன் பிழை பார்த்துப் பழகியவர்களுக்கு இது புரியும். இரண்டிலும் கிழமை மட்டும் ஒன்றுதான், வெள்ளி. பிள்ளைக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவருக்கு அது அட்சய வருஷம் ஐப்பசி மாதம். அதாவது அடைமழைக் காலம். அதற்கு மூன்று வாரம் முன்புதான் ஒரு பெரும்புயல் சென்னைக் கடலில் லா பூர்தொனேயின் கப்பல்களைச் சிதைத்திருந்தது. அந்தப் பருவத்தில் அடையாற்றை நடந்து கடக்க முடிந்தது என்பதே எனக்கு ஆச்சரியம். ஆதனூர்ப் பக்கம் தொடங்கி முடிச்சூர், வரதராஜபுரம் வழியாகப் போகிற ஆறு அது. 2015இல் அது என்ன செய்தது என்று இரும்புலியூரில் இருக்கிற எனக்குத் தெரியும்.

சரி, சண்டைக்கு முந்தைய கதை. ஐரோப்பாவில் ஆஸ்திரிய அரியணைக்காகப் போர். அதன் நீட்சியாக இங்கே இரண்டு வியாபாரக் கம்பெனிகளுக்குள் போர். 1745இல் ஆங்கிலேயக் கப்பல்கள் புதுச்சேரியை மிரட்டியபோது துய்ப்ளெக்ஸ் நவாப் அன்வருத்தீனிடம் ஓடினார். என் எல்லைக்குள் சண்டை கூடாது என்று நவாப் ஆங்கிலேயரைத் தடுத்தார். அடுத்த வருடம் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைத் தாக்கியபோது ஆங்கிலேயர் அதே நவாபிடம் ஓடினார்கள். நவாப் கண்டித்தார். துய்ப்ளெக்ஸ் சொன்ன பதில்: சென்னையைப் பிடித்து உங்களுக்கே தருகிறேன். செப்டம்பரில் கோட்டை விழுந்தது. தரவில்லை. அதனால்தான் மாபூஸ் கான் வந்தான்.

இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். படையெடுத்து வந்தது யார்? சின்னப் படை பெரிய படையை ஜெயிக்கிற கதைகளில் நாம் தயங்காமல் ஒரு பக்கம் சாய்கிறோம், ஏனென்றால் பெரிய படை எப்போதும் வெளியே இருந்து வருகிறது. '300' படத்தில் பாரசீகர்கள் வருகிறார்கள். லோங்கேவாலாவில் டாங்கிகள் எல்லை தாண்டி வருகின்றன. சின்னவன் தன் மண்ணில் நிற்கிறான், எனவே சின்னவன் நல்லவன். அடையாற்றில் பெரிய படைதான் மண்ணுக்குரிய அதிகாரத்தின் படை, கொடுத்த வாக்கைக் கேட்டு வந்த படை. சின்னப் படை கடல் கடந்து வந்த கம்பெனியுடையது. ஆனாலும் கதையைக் கேட்டால் மனது பாரடிஸ் பக்கமே போகிறது. எனக்கும் போனது. சிறுமை என்பது எவ்வளவு வலுவான வசியம் பாருங்கள். யார் வீட்டில் யார் நுழைந்தார்கள் என்பதையே மறக்கடித்துவிடுகிறது.

நவாபுக்காக நான் அழவில்லை. அவரும் டெல்லிப் பேரரசின் பெயரால் வரி பிடுங்க வந்தவர்தான். ஆற்றங்கரைக் குப்பத்தில் இருந்தவனுக்கு இரண்டு பேரும் வெளியாள்தான் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் குப்பத்துக்காரன் இந்த மூன்று புத்தகங்களிலும் இல்லை.

ஓர்மிலிருந்து தொடங்கலாம். ராபர்ட் ஓர்ம் பிறந்தது கேரளக் கரையில் அஞ்சுதெங்கில். 1746இல் வங்காளத்தில் கம்பெனிக் குமாஸ்தா, சண்டையின்போது பதினேழு வயது. பின்னால் சென்னைக் கவுன்சிலில் உறுப்பினராக இருந்தார். 1763இல் அவர் எழுதிய பெரிய நூலின் முதல் பாகம் வந்தது. அடையாற்றுச் சண்டைக்கு ஓர் அர்த்தம் கொடுத்தவர் அவர்தான். நூறு வருடத்துக்கும் மேலாக மொகலாயப் படைகளுக்கு ஐரோப்பியர்கள் பயந்துகிடந்தார்கள், அந்தப் பயம் ஒரு மந்திரக்கட்டு மாதிரி இருந்தது, ஒரே ஒரு பட்டாளம் ஒரு முழுச் சேனையைத் தோற்கடித்ததும் அந்தக் கட்டு அறுந்தது என்பது அவருடைய வாதம். நல்ல எழுத்தாளர். ஒரு சண்டையைச் சண்டையாக விடாமல் ஒரு காலத்தின் கதவாக மாற்றத் தெரிந்தவர். அதற்குப் பிறகு வந்த எல்லாரும் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே போனார்கள்.

ஓர்மிடம் எனக்குப் பிடித்தது வேகத்தைப் பற்றி அவர் எழுதியது. சாந்தோம் சண்டைக்கு இரண்டு நாள் முன்பு கோட்டைக்குள்ளிருந்து நானூறு பேர் இரண்டு சின்ன பீரங்கிகளோடு வெளியே வந்தார்கள். நவாபின் குதிரைப்படை நெருங்கியது. பிரெஞ்சு வரிசை இரண்டாக விலக, பின்னால் இருந்த பீரங்கிகள் சுட்டன. முதல் குண்டுக்குக் குதிரைப்படை கலங்கவில்லை. ஏனென்றால் அவர்கள் அனுபவத்தில் ஒரு பீரங்கியை மறுபடி நிரப்பிச் சுடக் கால்மணி நேரம் ஆகும். ஆனால் அடுத்த குண்டு உடனே வந்தது, அதற்கடுத்ததும். எழுபது பேர் போலச் செத்தார்கள், மீதிப் பேர் கலைந்தார்கள். இங்கே தோற்றது வீரம் இல்லை, ஒரு கணக்கு. எதிராளிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்ற தப்புக் கணக்கு. இதை ஓர்ம் சரியாகப் பிடித்தார். பிடித்துவிட்டு, அடுத்த அடியில் அதை இரண்டு இனங்களின் குணமாக மாற்றிவிட்டார். எண்ணிக்கை பற்றிய அவருடைய துல்லியம் மனிதர்கள் விஷயத்தில் நின்றுபோகிறது.

மாலிசன் அதையே நூறு வருடம் கழித்து உரக்கச் சொன்னார். 1883இல் வந்த 'இந்தியாவின் தீர்மானகரமான போர்கள்' என்ற அவருடைய நூல் பிளாசியில் தொடங்கவில்லை, சாந்தோமில்தான் தொடங்குகிறது. ஆங்கில ராணுவ அதிகாரி, ஆனால் பிரெஞ்சுக்காரர்களின் ரசிகர். இந்த ஒரு நாளிலிருந்து பிரிட்டிஷ் இந்தியா பிறந்தது என்கிற தொனியில் எழுதுகிறார். பாரடிஸ் தண்ணீரில் இறங்கும் இடத்தைப் படித்தால் நமக்கே உடம்பு சிலிர்க்கும். மாபூஸ் கான் யானைமேல் ஏறி முதலில் தப்பிப்பது, சாந்தோமின் குறுகலான தெருக்களில் ஆளும் குதிரையும் ஒட்டகமும் நெரிந்து நிற்க, பின்னாலிருந்து துப்பாக்கி வரிசைகள் சுடுவது எல்லாம் அச்சு அசல் சினிமா. கொஞ்சம் நிதானித்தால் தெரியும், அந்தக் கடைசிப் பகுதி சண்டையே இல்லை. தெருவில் மாட்டிக்கொண்ட கூட்டத்தைச் சுட்டது. மாலிசனின் வாக்கியங்களில் அதற்கும் ஆற்றைக் கடந்த துணிச்சலுக்கும் ஒரே நடை, ஒரே உற்சாகம். ஒரு விமர்சகனாக நான் அவரிடம் குறை காண்பது இங்கேதான். நடை மாறவேண்டிய இடத்தில் அவருக்கு மாறவில்லை.

இருவரிடமும் எழுநூறு பேர் எங்கே? எண்ணாக இருக்கிறார்கள். இருநூற்று முப்பது என்பது எண்ணிப் பார்த்த எண், பட்டியல் வைத்து ஆள் கூப்பிட்டுச் சரிபார்த்த எண். எழுநூறு முழு எண். பத்தாயிரமும் முழு எண். நம்மாட்கள் எந்தப் பக்கம் நின்றாலும் பூஜ்ஜியத்தில்தான் முடிகிறார்கள். முதல் பத்தியில் எழுநூறு என்று வருவார்கள். ஆற்றில் இறங்கும்போது 'பிரெஞ்சுக்காரர்கள்' இறங்குவார்கள், 'பிரெஞ்சுக்காரர்கள்' சுடுவார்கள், ஜெயிப்பது 'ஐரோப்பிய ஒழுங்கு'. எழுவாய் மாறிவிடுகிறது, எழுநூறு பேர் காணாமல் போகிறார்கள். இலக்கணத்தில் செய்கிற மோசடி இது. எனக்கு அந்த ரிலீஸ் மெயில் ஞாபகம் வந்தது. அதிலும் 'நாம் சாதித்தோம்' என்றுதான் இருந்தது.

பிள்ளை வேறு மாதிரி. ஆனந்தரங்கப் பிள்ளை பெரம்பூரில் பிறந்தவர், புதுச்சேரியில் வியாபாரி, துய்ப்ளெக்ஸின் துபாஷ். 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரியில் சாகும் நாள் பக்கம் வரை எழுதினார். ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகள், 1904 முதல் 1928 வரை வந்தன. தமிழில் மு. ராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பித்த பன்னிரண்டு தொகுதிகள் இப்போது கிடைக்கின்றன. பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' நாவல்கள் வழியாக இவரிடம் வந்தவர்கள் நம்மில் நிறைய. நானும் அப்படித்தான் வந்தேன்.

சண்டை நடந்த அன்று பிள்ளை களத்தில் இல்லை, புதுச்சேரியில் இருந்தார். (ஓர்மும் இல்லை, மாலிசன் பிறக்கவே இல்லை. மூன்று பேரில் ஒருவர்கூட ஆற்றைப் பார்க்கவில்லை.) ஆனால் மற்ற இருவருக்கும் முடிவு தெரியும். பிள்ளைக்குத் தெரியாது. அவருக்குச் செய்தி துண்டு துண்டாக வருகிறது. கடிதம் வருகிறது, ஆள் வருகிறான், வதந்தி வருகிறது, நேற்று எழுதியதை இன்று திருத்துகிறார். ஒரு சண்டையும் ஒரு சரக்கு விலையும் குவர்னர் வீட்டுப் பேச்சும் அடுத்தடுத்து வரும். இந்த நடையில் 'தீர்மானகரமான நாள்' என்று ஒன்று உருவாகவே முடியாது. தமிழும் தெலுங்கும் பாரசீகமும் போர்த்துகீசும் பிரெஞ்சும் கலந்த கடைத்தெரு மொழி. அதில் காவியம் எழுத வராது. அதனால்தான் எனக்கு அது நம்பத்தகுந்ததாக இருக்கிறது.

அவரைப் புனிதராக்கவும் வேண்டாம். துய்ப்ளெக்ஸ் ஜெயித்தால் அவருக்கு லாபம். தன்னைக் குவர்னர் எப்படிப் புகழ்ந்தார் என்று எழுதுவதில் அவருக்குச் சலிப்பே கிடையாது, நமக்குத்தான் சலிக்கும். சாதிப் பார்வை பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயம். மாஹேயிலிருந்து வந்த சிப்பாய்கள் அந்தக் காலக் குறிப்புகளில் வருகிறார்கள். அவர்களின் தலைவர்கள் சேக் அசன், அப்துல் ரகுமான் பெயரோடு வருகிறார்கள், பேசுகிறார்கள், பேரம் செய்கிறார்கள். பிள்ளைக்கு மனிதநேயம் பொங்கியதால் இல்லை. சம்பளம், தரகு, சிபாரிசு என்று எல்லாம் ஆட்கள் வழியாக நடக்கும் உலகம் அவருடையது. யார் யாருடைய ஆள் என்று தெரியாமல் அங்கே பிழைக்க முடியாது. கணக்குப்பிள்ளைக்குப் பெயர் தேவைப்படுகிறது, சரித்திரக்காரனுக்குத் தேவைப்படவில்லை.

ஆங்கில எழுத்தில் சிப்பாய் முகத்தோடு தெரிகிற ஒரு புகழ்பெற்ற காட்சி உண்டு. 1751, ஆர்க்காடு முற்றுகை. கிளைவ் அங்கே சுமார் நூற்றிருபது ஐரோப்பியரையும் இருநூறு சிப்பாய்களையும் வைத்துக்கொண்டு ராசா சாகிபின் பெரும்படையை ஐம்பது நாள் தாங்கினான். (இந்தக் கிளைவ் 1746இல் சென்னையில் குமாஸ்தா. பிரெஞ்சுக்காரர் நகரத்தைப் பிடித்ததும் மாறுவேஷத்தில் கடலூர்க் கோட்டைக்குத் தப்பிப் போனவன்.) சோறு குறைந்தபோது சிப்பாய்கள் கிளைவிடம் வந்து, சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுங்கள், எங்களுக்கு வடித்த கஞ்சி போதும் என்றார்களாம். 1840இல் மெக்காலே எழுதிய கிளைவ் பற்றிய கட்டுரை இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. பிரிட்டிஷ் காலப் பாடப்புத்தகங்களுக்குப் பிடித்த கதை.

இது நடந்ததா இல்லையா என்பதைவிட, இது ஏன் இவ்வளவு பிடித்தது என்பதுதான் எனக்கு முக்கியம். அடையாற்றில் கத்தியை நீட்டிக்கொண்டு ஓடிய எழுநூறு பேருக்கு ஒரு வரி கிடையாது. கஞ்சி குடித்தவர்களுக்கு ஒரு பத்தி. திறமைக்கு இடமில்லை, விசுவாசத்துக்கு உண்டு. துப்பாக்கியை நிமிடத்துக்கு எத்தனை முறை நிரப்பினான் என்பது வெள்ளைக்காரனின் கணக்கில் போய்விடும். பட்டினி கிடந்தது மட்டும் அவன் கணக்கில் நிற்கும். வருடக் கடைசியில் எங்கள் மஞ்சள் கயிறுக் கூட்டத்துக்கும் ஒரு பாராட்டு வந்தது: தீபாவளி அன்றும் ஆன்-காலில் இருந்ததற்கு. நாங்கள் எழுதிய கோடுக்கு இல்லை.

அப்படியென்றால் பயிற்சி என்பதே பொய்யா? இல்லை. இங்கே நான் என் கட்சிக்காரர்களோடும் சண்டை போட வேண்டியிருக்கிறது. 'துரோகத்தால் தோற்றோம்', 'சூழ்ச்சியால் தோற்றோம்' என்று எழுதுபவர்கள் வெற்றியின் உண்மையான காரணத்தைப் பார்க்க மறுக்கிறார்கள். துப்பாக்கிப் பயிற்சி என்பது 1590களில் நெதர்லாந்தில் நாசாவின் மோரிஸ் காலத்தில் உருப்பெற்ற ஒரு தொழில்நுட்பம். துப்பாக்கி நிரப்பிச் சுடுவதை நாற்பத்துச் சொச்சம் அசைவுகளாக உடைத்துப் படம் போட்டுப் புத்தகமே வந்தது, 1607இல். ஆளை மாற்றினாலும் அசைவு மாறாது. அதுதான் அதன் பலம், அதுதான் அதன் ரகசியமற்ற தன்மையும். யாருக்கு வேண்டுமானாலும் சொல்லிக்கொடுக்கலாம். எழுநூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், அவர்களும் கற்றுக்கொண்டார்கள். அடையாற்றில் நிரூபணமானது ஐரோப்பியன் சிறந்தவன் என்பது இல்லை. இந்த மண்ணின் ஆளுக்கு அந்த அசைவுகள் அதே அளவு வரும் என்பதுதான். ஓர்மின் 'ஒரே பட்டாளம்' என்ற சொல் மறைப்பது இதை.

அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1741இல், குளச்சலில் மார்த்தாண்ட வர்மா டச்சுப் படையைத் தோற்கடித்து, பிடிபட்ட டிலனாயை வைத்தே தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் ஹைதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் நல்ல பயிற்சி பெற்ற கம்பெனிப் படையைச் சுற்றி வளைத்து அழித்தார்கள். அதுவும் பெரும்பாலும் சிப்பாய்களால் ஆன படைதான். உதவிக்குப் போகாத மன்றோ காஞ்சியில் பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாகப் பரங்கிமலைக்குப் பின்வாங்கினார். அதாவது எங்கள் ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கமாக. பத்தாயிரம் ஆயிரத்திடம் தோற்கும் என்பது விதி இல்லை. ஆனால் பொள்ளிலூரை டவுன்ஹாலில் யாரும் ஸ்லைடில் போடுவதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். திரு.வி.க. பாலத்தைத் தாண்டி, குவிபிள் ஐலண்ட் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி, சீனிவாசபுரம் பக்கம் முகத்துவாரத்துக்கு. சண்டை இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. எதிர்க்கரையில் பெசன்ட் நகர்ப் பக்கத்து மரங்கள். பாரடிஸ் அங்கிருந்துதான் இறங்கியிருக்க வேண்டும், பக்கத்திலேயே எழுநூறு பேரும். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"அண்ணே, இங்க ஆத்துல இறங்கி நடந்தே அந்தப் பக்கம் போக முடியுமா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாத்துக்குப்பா?"

"சும்மாதான். அந்தக் காலத்துல போயிருக்காங்க."

"போலாம். தண்ணி கம்மியா இருக்கசொல்ல போலாம். ஆனா எடம் தெரிஞ்சவன் ஒருத்தன் முன்னாடி போவணும். இல்லாங்காட்டி சேத்துல மாட்டிக்குவ." கையால் ஒரு இடத்தைக் காட்டினார். அங்கே மட்டும் தண்ணீர் கொஞ்சம் வேறு நிறத்தில் இருந்தது.